பெட்டி சொன்னது நடக்காவிட்டால் ஆடு யார் கொடுப்பது?

மேடை ஏறியதும் என் கண்ணில் முதலில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். பூசாரி சடையன் மாமாவின் படத்துக்குப் போட்ட மாலையைவிட, பக்கத்தில் இருக்கும் ஸ்பீக்கர் பெட்டிக்குப் போட்ட மாலை பெரியது. பெட்டிக்குக் குங்குமம்கூட வைத்திருக்கிறார்கள். மாமா படத்துக்கு வைக்க மறந்துவிட்டார்கள்.

பெட்டிக்கு வணக்கம் சொல்வதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் மற்றவர்களுக்குச் சொல்கிறேன். தலைமை தாங்கும் கோயில் கமிட்டித் தலைவர் விஜயராஜ் மாமா அவர்களே, மாமாவை இழந்து நிற்கும் காந்தா அத்தை அவர்களே, சந்தவாசலில் செல்போன் கடை வைத்திருக்கும் அருண்ராஜ் அண்ணன் அவர்களே, அமிர்தியிலிருந்து பஸ்ஸும் ஜீப்பும் மாறி ஏறி வந்திருக்கும் உறவுகளே, நெல்லிவாசல்நாட்டுப் பெரியவர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

என் பெயர் சுவேதா. ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். பேசத் தெரியாது என்று சொன்னேன். "அந்த மனுசனோட கடைசியா வேல செஞ்சவ நீதான். நீ பேசலன்னா வேற யாரு பேசறது? எழுதி வெச்சுப் படி" என்று காந்தா அத்தை தள்ளிவிட்டார். அதனால் எழுதி வந்திருக்கிறேன். பின்னால் இருப்பவர்கள் சத்தமாகப் படிக்கச் சொல்ல வேண்டாம். இதுதான் என் சத்தம்.

யார் இந்தச் சடையன்? நம் காளியம்மாவின் பூசாரி. அருள் வந்தால் வாக்குச் சொன்னவர். இந்த மலையிலேயே அதிகம் பேசியவர்! பஸ் வராத நாளில், பஸ் ஏன் வரவில்லை என்று பஸ் வரும்வரை பேசியவர்! மௌன விரதம் இருக்கப்போவதாக ஒருமுறை வீடு வீடாகப் போய்ச் சொன்னார். சொல்லி முடிக்கவே சாயங்காலம் ஆகிவிட்டது. பசிக்கிறது என்று விரதத்தை முடித்துக்கொண்டார்!

அப்படிப்பட்டவருக்கு, பேசினால் சம்பளம் என்று ஒரு வேலை வந்தால் விடுவாரா?

அருண்ராஜ் அண்ணன்தான் அந்த வேலையைக் கொண்டுவந்தார். கம்ப்யூட்டருக்கு நம் மலைப் பேச்சு புரியவில்லையாம். புரியவைக்க நம் குரல்கள் வேண்டுமாம். இரண்டு பேர் சேர்ந்து பேசி, போனில் பதிவு செய்து அனுப்ப வேண்டும். மாமாவோடு சேர யாரும் வரவில்லை. சேர்ந்தால் தங்களுக்குப் பேச நேரம் கிடைக்காது என்று எல்லோருக்கும் தெரியும். நான் போனேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

முதல் பதிவு திரும்பி வந்தது. என் குரலுக்கு "ஒலி குறைவு" என்று வந்தது. மாமா குரலுக்கு "ஒலி மிக அதிகம்" என்று வந்தது. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தோம். போனை என் மடியில் வைத்துக்கொண்டு நான் சாமைக் காட்டின் இந்த வரப்பில் உட்காருவேன். மாமா அந்த வரப்பில் நிற்பார். அங்கிருந்து பேசுவார். உடனே பதிவு சரி என்று வந்துவிட்டது. எதிரும் புதிருமாக இருந்து நாங்கள் கத்தரிக்காய் விலை பேசியதைப் பார்த்து, எங்களுக்குள் பெரிய சண்டை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

மாமாவுக்கு இந்தப் புதுக் கருவிகள் மேல் வெறுப்பு இருந்தது என்று இங்கே முன்பு பேசிய ஒருவர் சொன்னார். மன்னிக்க வேண்டும், அது சரியில்லை. அவருக்கு அவை பிடிக்கும். என் அம்மாவின் மாத்திரை அட்டையைப் போன் படித்துச் சொன்னபோது, "நல்லாப் படிச்ச புள்ள" என்று போனைத் தட்டிக்கொடுத்தார். நாளைக்கு மழை வருமா என்று கேட்டுப் பார்த்தார். நாற்பது சதவீதம் வாய்ப்பு என்றது. மாமா என்ன சொன்னார் தெரியுமா?

"நாப்பது பங்கு வருமாம், அறுபது பங்கு வராதாம்! இப்படித் தப்பிச்சுக்கப் பேசறதுக்கு எங்க காளியம்மாவ எதுக்கு எழுப்பணும்? நானே சொல்லிடுவேனே!"

தப்பித்துக்கொள்ளாமல் பேசுவது! அதுதான் சடையன் மாமா. அதற்கு அவர் கொடுத்த விலை என்ன? ஓர் ஆடு.

முத்தம்மா அத்தையின் ஆடு காணாமல் போன கதை உங்களுக்கு மறந்திருக்காது. மறந்தாலும் முத்தம்மா அத்தை விடமாட்டார். அருள் வந்து அம்மா சொன்னாள்: "வடக்காலக் காட்டுல கீது. வெள்ளிக்கெழமக்குள்ள வந்துரும், போ!"

அருள் இறங்கியதும் மாமா தண்ணீர் குடித்துவிட்டு, எப்போதும் கேட்பதையே கேட்டார். "இன்னா சொன்னா?"

அவருக்கு எதுவும் நினைவிருக்காது. சுற்றி நிற்பவர்கள்தான் சொல்ல வேண்டும். சொன்னார்கள்.

"வெள்ளிக்கெழமையா? நாளைக்கே வியாழனாச்சே! இவ்ளோ கிட்டத்துல ஏன் கெடு வெச்சா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை விடிந்ததும் மாமா, முத்தம்மா அத்தை வீட்டு வாசலில் போய் நின்றார். கெடு முடிந்த மறுநாள் போய்க் கேட்பது அவர் வழக்கம். ஒருமுறைகூடத் தவறியதில்லை.

"வந்துச்சா?"

"வரலியே பூசாரி."

வடக்குக் காட்டுக்குப் போனார். பொழுது சாயும்வரை தேடினார். காலெல்லாம் முள் கீறலோடு வந்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் கோயில் முன்னால் நின்று போட்ட சத்தம் அடுத்த ஊருக்கும் கேட்டது. "சொன்னது நீ! மூஞ்சி குடுக்கறது நானா? நீ எறங்கி வந்து அந்தப் பொம்பளைக்குப் பதில் சொல்லு!"

அம்மா இறங்கி வரவில்லை. மாமா போய்த் தன் கொட்டகையிலிருந்து ஓர் ஆட்டை அவிழ்த்து முத்தம்மா அத்தை வீட்டில் கட்டிவிட்டு வந்தார். அந்த ஆடு காந்தா அத்தை ஆசையாக வளர்த்தது. அன்று அத்தை கேட்டாரே ஒரு கேள்வி!

"வாக்கு அவளுது, வாயி உன்னுது, ஆடு மட்டும் என்னுதா?"

இரண்டு மாதம் கழித்து, காணாமல் போன ஆடு வடக்குக் காட்டிலிருந்து தானாக வந்தது. சினையாகவும் வந்தது. மாமா ஓடினார்.

"பாத்தியா, அம்மா சொன்னபடி வந்துருச்சு! என் ஆட்டக் குடு."

"கெடு தாண்டித்தான வந்துச்சு?" என்றார் முத்தம்மா அத்தை. "அம்மா பேரால குடுத்தத திருப்பிக் கேக்கறியே, அவளுக்கு அசிங்கம் இல்ல?"

மாமா பதில் பேசாமல் திரும்பிய ஒரே நாள் அதுதான். அந்த ஆடு இன்றும் முத்தம்மா அத்தை வீட்டில்தான் இருக்கிறது. அத்தை, முந்தானையால் முகத்தை மூட வேண்டாம். யாரும் கேட்க மாட்டோம்.

இப்போது பெட்டிக்கு வருகிறேன்.

வைகாசியில் ஒருநாள் நானும் மாமாவும் கோயில் பக்கத்தில் உட்கார்ந்து பதிவு செய்துகொண்டிருந்தோம். அன்றைய தலைப்பு, சந்தையில் தக்காளி வாங்குவது. மாமா கடைக்காரர். நான் வாங்குபவள். அப்போது சின்னராஜ் அண்ணன் வந்தார். கிணறு எங்கே வெட்டுவது என்று அம்மாவைக் கேட்க வேண்டும் என்றார். தக்காளிக்கு விலை சொல்லிக்கொண்டிருந்த மாமாவுக்கு அப்படியே அருள் வந்துவிட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போன் ஓடிக்கொண்டிருந்தது.

"புளியமரத்துக்குக் கெழக்கால வெட்டுடா! ஆடி பொறக்கறதுக்குள்ள தண்ணி காட்றேன்!" என்றாள் அம்மா.

"இன்னா சொன்னா?" என்றார் மாமா. சொன்னோம். "கெழக்காலயா? அங்க பாறைடா! சொல்ட்டுப் பூட்டா அவ. வெட்றவன் நீ, வந்து பாக்கறவன் நானு!"

அருண்ராஜ் அண்ணன் அந்தப் பதிவைக் கேட்டுவிட்டுத் துள்ளினார். சாமி வந்து பேசிய குரல் வேறு யாரிடமும் இல்லை, உடனே அனுப்பலாம் என்றார். மாமா ஒத்துக்கொள்ளவில்லை.

"தக்காளி வித்தது நானு. அத எடுத்துக்கோ. கெணறு சொன்னது அவ. அவளக் கேட்டுட்டு எடுத்துக்கோ."

அனுப்புவதற்கு முன்னால் பேசியவர் பெயர், வயது, சம்மதம் எல்லாம் போனில் போட வேண்டும். "பேரு காளியம்மான்னு போட்டுக்கலாம் பூசாரி. வயசு?" என்றார் அண்ணன்.

"பொம்பளகிட்ட வயசு கேக்கறதும் இல்லாம, சாமிகிட்ட வேற கேக்கறியா? நல்லா இருந்துருவியா நீ?"

சரி, பூ வைத்துக் கேட்கலாம் என்று முடிவானது. அம்மாவின் ஒரு தோளில் வெள்ளை அரளி, மறுதோளில் சிவப்பு அரளி. ஈரத்தோடு ஒட்டி வைத்தார் மாமா. வெள்ளை விழுந்தால் சம்மதம். சிவப்பு விழுந்தால் இல்லை. காலையில் வைத்த பூ. மதியம் ஆயிற்று, எதுவும் விழவில்லை. கடைசி பஸ் போயிற்று, எதுவும் விழவில்லை. அருண்ராஜ் அண்ணனுக்குத் திடீரென்று இருமல் வந்தது. வெள்ளைப் பூ இருந்த பக்கம் பார்த்தே வந்தது. நெருங்கிப் போய் இருமினார். இழுத்து இருமினார். அப்போது சிவப்புப் பூ விழுந்தது!

சிரிக்காதீர்கள். அண்ணனும் சிரிக்கிறார், பாருங்கள். அவர் கெட்டவர் இல்லை. அன்று இரவு மாமா வீட்டில்தான் களி சாப்பிட்டுப் படுத்தார். இருமலுக்கு அத்தை மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். வராத இருமலுக்கு அதை முழுதும் குடித்தார்.

அந்தப் பதிவு என் போனிலேயே நின்றுவிட்டது. ஆனி மாதம் மாமாவுக்கு நெஞ்சு வலித்தது. கீழே கொண்டுபோகும் வழியிலேயே, ஜீப்பில், பேச்சு நின்றுவிட்டது. அந்தப் பேச்சு நிற்கும் என்று நாம் யாராவது நினைத்தோமா?

யார் மேலும் இன்னும் அருள் வரவில்லை. ஆடித் திருவிழா வருகிறது. வாக்குக் கேட்க சந்தவாசலிலிருந்தும் அமிர்தியிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். கமிட்டிக்குக் கவலை. அது நியாயமான கவலைதான். அப்போதுதான் அருண்ராஜ் அண்ணன், மாமாவின் தக்காளிப் பேச்சையும் கத்தரிக்காய்ப் பேச்சையும் வைத்து, மாமாவின் குரலிலேயே பதில் சொல்லும் ஏற்பாடு ஒன்றைச் செய்துகொண்டு வந்தார். செயற்கை நுண்ணறிவாம். இந்தப் பெட்டியில்தான் அது பேசும். திருவிழாவில் அம்மா பேரால் இதுவே வாக்குச் சொல்லலாம் என்று பேச்சு வந்தது. நேற்று சோதித்துப் பார்த்தார்கள். தலைவர் விஜயராஜ் மாமா கைகூப்பி நின்று, "தாயே, எம் பொண்ணுக்கு எப்போ கல்யாணம் ஆவும்?" என்று கேட்டார்.

பெட்டி, சடையன் மாமா குரலில் சொன்னது: "நல்ல கேள்வி! திருமணம் என்பது வாழ்க்கையின் முக்கியமான முடிவு. முதலில் குடும்பத்தினர் அனைவரும் மனம்விட்டுப் பேசுவது நல்லது. வேறு ஏதேனும் உதவி வேண்டுமா?"

காளியம்மா என்றைக்காவது யாரிடமாவது "நல்ல கேள்வி" என்று சொல்லியிருக்கிறாளா? கேள்வி கேட்டவனை அவள் அடிக்காமல் விட்டதே அருள் அல்லவா!

காந்தா அத்தை அங்கேயே சொல்லிவிட்டார். "இத்தினி வருசத்துல அந்த மனுசன் என்கிட்ட ஒருவாட்டிகூட மனம்விட்டுப் பேசுன்னு சொன்னதில்ல. நான் பேசறதுக்கு எடமே குடுத்ததில்ல. இது அவரு இல்ல. அவ்ளோதான்."

அம்மா பேசிய பதிவு கிடைத்தால் பெட்டி சரியாக அதட்டும் என்றார் அருண்ராஜ் அண்ணன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். போன் என்னிடம்தான் இருந்தது. எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். கேட்டேன்.

"பெட்டி சொன்னது நடக்கலன்னா, மறுநாள் யாருண்ணா போய்க் கேப்பாங்க?"

"அதுக்கு வழி இருக்குது சுவேதா. கீழ சின்னதா எழுதிடலாம். 'இதில் தவறுகள் இருக்கலாம், சரிபார்த்துக்கொள்ளவும்'னு."

"கமிட்டி பொறுப்பு ஏத்துக்கும்மா," என்றார் தலைவர்.

"கமிட்டில யாரு மாமா ஆடு குடுப்பீங்க?"

தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் பொருளாளரைப் பார்த்தார். பொருளாளர், தன்னிடம் ஆடே இல்லை, மாடுதான் இருக்கிறது, அதுவும் மாமனார் பேரில் இருக்கிறது என்றார். நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அந்த நாளை இன்றுதான்.

பெரியவர்களே, பெட்டி மேல் எனக்குக் கோபம் இல்லை. அது மாத்திரை படிக்கட்டும். பஸ் நேரம் சொல்லட்டும். மழைக்கு நாற்பது சதவீதம் சொல்லட்டும், யாரும் அதை அடிக்கப்போவதில்லை. ஆனால் அம்மா பேரைச் சொல்லி வாக்குக் கொடுக்கலாமா? வெறுங்காலோடு வாசலில் வந்து நின்று "வந்துச்சா?" என்று கேட்க முடியாத ஒன்று, வரும் என்று சொல்லலாமா? அம்மாவின் வாக்கு எல்லாம் பலித்ததாலா நாம் சடையன் மாமாவை நம்பினோம்? பலிக்காதபோது அவர் வந்ததால் அல்லவா நம்பினோம்!

யார் மேலும் அருள் வரவில்லை என்று கவலைப்படுகிறோம். வராவிட்டால் என்ன? இந்த வருடம் அம்மா பேசாமல் இருக்க நினைக்கிறாளோ என்னவோ. அவளுடைய பூசாரி போய்விட்டார். துக்கம் நமக்கு மட்டும்தானா? பேசாமல் இருக்க அவளுக்கு உரிமை இல்லையா?

மாமா தக்காளி விற்ற பதிவுகளையெல்லாம் காந்தா அத்தையின் போனில் போட்டுக் கொடுத்துவிட்டேன். அவை மாமாவின் குரல். நேற்றிரவு அத்தை ஒன்றைக் கேட்டார். மாமா நிறுத்தாமல் பேசினார். பாதியில் அத்தை, "ஏ, கொஞ்சம் மூச்சு வுடுய்யா" என்றார். பிறகு மறுபடியும் முதலிலிருந்து போடச் சொன்னார்.

சடையன் மாமாவின் வேலையை யார் செய்வது என்று கேட்கிறீர்கள். எனக்கு அருள் வராது. கோயில் முன்னால் நின்று சத்தம் போடவும் வராது. ஆனால் போய்க் கேட்க வரும். மாமா கேட்காமல் விட்டுப்போன கெடுக்களை நான் போய்க் கேட்கிறேன். இந்தக் கூட்டத்தின் முன்னால், அவர் படத்தின் முன்னால் இதை ஏற்றுக்கொள்கிறேன். யாராவது கூட வந்தால் நல்லது. வராவிட்டாலும் போவேன்.

ஆடி பிறந்துவிட்டது. அதனால் இன்று காலையே ஓர் இடத்துக்குப் போனேன். புளியமரத்துக்குக் கிழக்கே, பள்ளத்துக்குள் சின்னராஜ் அண்ணன் கடப்பாரையோடு நின்றிருந்தார். இரண்டு முறை கூப்பிட்ட பிறகு நிமிர்ந்தார்.

"தண்ணி வந்துச்சாண்ணா?"

"வரலம்மே. ஒரே பாறை. பூசாரி இருந்திருந்தா இந்நேரம் வந்து அவளத் திட்டியிருப்பாரு." முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "அந்தப் பெட்டியக் கேட்டா வேற எடம் சொல்லுமா?"

"சொல்லும்ணா. எத்தினி வாட்டி கேட்டாலும் சொல்லும்."

"வந்து மண்ணு வாருமா?"

நான் போனை எடுத்து, அம்மா பேசிய அந்தப் பதிவை அழித்தேன். பிறகு வரப்பில் கிடந்த கூடையை எடுத்துக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கினேன்.